தலைதட்டிய படியும் தோட்டா மருந்தும்

"அத்தான், மருந்து அளக்கிற மெஷின் ஒண்ணு வாங்கணும். எது நல்லா இருக்கும்?"

ஹூஸ்டனிலிருந்து மச்சினன் இப்படிக் கேட்டபோது, மாமியாருக்கு யாரோ சூரணம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் போல என்றுதான் நினைத்தேன். விசாரித்தால் விஷயம் வேறு. அவனும் பத்தாவது படிக்கும் அவன் பையனும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஞ்சுக்குப் போய் அட்டையைக் குறி வைத்துச் சுடுகிறார்களாம். 2020, 2021இல் அமெரிக்காவில் தோட்டாவுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது ஞாபகம் இருக்கலாம். கடையில் ஸ்டாக் இல்லை, இருந்தாலும் விலை ஏறிவிட்டது. அதனால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே மறுபடி நிரப்பத் தொடங்கிவிட்டான். அங்கே அது சட்டப்படி சரி. லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். "டேய் தம்பி, வீட்டுக்குள்ள வெடிமருந்தா? புள்ளையக் கூட வச்சுக்கிட்டா?" அப்புறம் அரை மணி நேரம் அக்கா தம்பி பஞ்சாயத்து. கடைசியில் தீர்ப்பு என் தலையில் விழுந்தது. "நீங்கதானே பேங்க்ல எல்லாத்தையும் எடை போட்டுப் பாக்கறீங்க, நீங்களே பாத்து சொல்லுங்க."

இதில் எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். துப்பாக்கி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பி.காம். படித்துவிட்டு வங்கிக்கு வந்தவன். ஊர் சிவகங்கைப் பக்கம், பிழைப்பு அபர்டீன் பஜாரில். ஆனால் எங்கள் கிளையில் நகைக்கடன் உண்டு. மதிப்பீட்டாளர் கண்ணாடிக் கூண்டுக்குள் தராசை வைத்து, மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒவ்வொரு நகையாக நிறுத்துவதைப் பல வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். 2023 கோடையில் மூன்று வாரம் ஹூஸ்டனில் மச்சினன் வீட்டில் தங்கவும் நேர்ந்தது. அங்கே அவன் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்ததும், அவன் வைத்திருந்த கையேடுகளைப் படித்ததும் சேர்ந்துதான் இது. எந்தக் கூட்டுக்கு எவ்வளவு மருந்து என்றெல்லாம் இங்கே தேடாதீர்கள். அதை மருந்து தயாரிப்பாளரின் அச்சிட்ட அட்டவணையில் மட்டும்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், வீடியோவில் பார்த்தேன் என்பதெல்லாம் கூடாது.

முதலில் எடையைப் பற்றி. இந்த உலகத்தில் எல்லாமே கிரெயின் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 64.8 மில்லிகிராம். ஒரு தானிய மணியின் எடையிலிருந்து வந்த அளவு. நம் ஆசாரிகள் குன்றிமணி வைத்து நிறுத்த மாதிரிதான். கிரெயின் என்றதும் அந்நியமாகத் தோன்றும், ஆனால் நம் வீட்டுப் பெட்டகத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. 1833இல் கம்பெனிக்காரர்கள் தோலாவை 180 கிரெயின் என்று நிர்ணயித்தார்கள். வெள்ளி ரூபாயின் எடையும் அதுவே. இன்றைக்கும் தோலா என்றால் 11.66 கிராம் என்று சொல்வது அந்த 180ஐத்தான். சவரன் எட்டு கிராம் என்கிறோமே, அசல் இங்கிலாந்து சவரன் காசின் எடை 123.27 கிரெயின், அதாவது 7.988 கிராம். மீதியை நாமே ரவுண்ட் பண்ணிக்கொண்டோம். :-)

இதைச் சொன்னதும் மச்சினனுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நகைக்கடைத் தராசே போதும்ல அத்தான்?" போதாது. அவன் ஆன்லைனில் மலிவாக வாங்கி வைத்திருந்த தராசு 0.01 கிராம் வரை காட்டும். அது 0.15 கிரெயின். தோட்டா நிரப்புகிறவர்களுக்கு வேண்டியது 0.1 கிரெயின், அதாவது ஆறரை மில்லிகிராம். கைத்துப்பாக்கித் தோட்டா பலவற்றுக்கு மொத்த மருந்தே நாலைந்து கிரெயின்தான். அந்த இடத்தில் தராசு ஒரு படி தாண்டிக் காட்டினால் மூன்று சதவீதம் போச்சு. நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய் வித்தியாசம் வந்தால் எங்கள் காஷியர் வீட்டுக்குப் போக முடியாது. துப்பாக்கிக் குழாய்க்கு அவ்வளவு பொறுமை கூடக் கிடையாது.

சரி, தராசு இருக்கும்போது அளக்கும் மெஷின் எதற்கு? ஒவ்வொன்றாக நிறுத்தால் ஐம்பது தோட்டாவுக்கு அரை நாள் ஓடிவிடும். அதனால் எடையை விட்டுவிட்டு கொள்ளளவால் அளக்கிறார்கள். மேலே ஒரு குப்பி, கீழே ஒரு உருளை, உருளையில் ஒரு குழி. கைப்பிடியை ஏற்றினால் குழியில் மருந்து நிரம்பும், இறக்கினால் கூட்டுக்குள் கொட்டும். குழியின் ஆழத்தைத் திருகால் கூட்டிக் குறைக்கலாம். ஆக, இது ஒரு சின்ன உழக்கு!

நெல் அளந்து பார்த்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லவே வேண்டாம். ஒரே படிதான். மெதுவாகச் சாய்த்து ஊற்றித் தலைதட்டினால் ஓர் அளவு. படியைத் தரையில் தட்டிக் குலுக்கி அளந்தால் இன்னொரு கைப்பிடி உள்ளே போகும். எங்கள் ஊரில் ஒருவர் வாங்கும்போது குலுக்கியும் விற்கும்போது குலுக்காமலும் அளந்தே இரண்டு மாடி கட்டினார் என்பார்கள். மருந்தும் அப்படித்தான். கைப்பிடியை ஒரு தடவை டொக்கென்றும் அடுத்த தடவை பூப்போலவும் இறக்கினால் குழி ஒன்றுதான், எடை இரண்டு. குப்பி நிறைய இருக்கும்போது மேல் பாரம் அமுக்குவதால் ஒரு எடை, கால்வாசிக்கு வந்தபின் வேறொரு எடை. அதற்காகவே குப்பிக்குள் ஒரு தடுப்புத் தகடு வைக்கிறார்கள். பல மெஷின்களுடன் வருகிறது, வராவிட்டால் தனியாக வாங்கிப் போட வேண்டும்.

மருந்தின் உருவமும் முக்கியம். மூன்று ஜாதி. கடுகு மாதிரி உருண்டை, அவல் மாதிரித் தகடு, நறுக்கிய சேமியா மாதிரிக் குச்சி. உருண்டை தண்ணீராய் ஓடும், மெஷினுக்கு மிகவும் பிடித்தது. குச்சிதான் தகராறு. உருளை திரும்பும்போது விளிம்பில் ஒரு குச்சி மாட்டினால் 'நறுக்' என்று வெட்டுப்படுவது கையிலேயே தெரியும். பையன் அதற்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தான்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். கடையில் பார்த்த வரையில் மூன்று வகை. லீ கம்பெனி விற்கும் பிளாஸ்டிக் கரண்டி செட் ஒன்று. காசு ரொம்பக் குறைவு, அசையும் உறுப்பே இல்லை, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்லது. ஆனால் கரண்டி எல்லா அளவுக்கும் நடுவில் நடுவில் தாண்டித் தாண்டித்தான் கிடைக்கும். அடுத்தது நான் சொன்ன உருளை வகை. ஆர்.சி.பி.எஸ்., ஹார்னடி, லைமன் என்று எல்லோரும் செய்கிறார்கள். மூன்றாவது எலக்ட்ரானிக். எண்ணைத் தட்டினால் தானே கொட்டி, கடைசியில் ஒன்றிரண்டு மணியாகச் சொட்டி, தானே நிறுத்துக் காட்டும். மச்சினனுக்கு (சாஃப்ட்வேர்க்காரன் அல்லவா) இதில்தான் ஆசை. நான் வேண்டாம் என்றேன். விலைக்காக இல்லை. அளப்பதும் அதுவே, சரிபார்ப்பதும் அதுவே. வங்கியில் வவுச்சர் போட்டவனே பாஸ் பண்ணக் கூடாது. லாக்கர் அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். ஏசிக் காற்றுக்கும் பக்கத்தில் கிடக்கும் செல்போனுக்கும் எலக்ட்ரானிக் தராசு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அது நகர்ந்தால், அதை நம்பிக் கொட்டிய ஐம்பதும் சேர்ந்து நகரும். அளக்க உருளை, சரிபார்க்கத் தனியாக ஒரு தராசு, அந்தத் தராசைச் சரிபார்க்க எடைக்கல் ஒரு செட் என்று சொன்னேன். மெஷினுக்கு ஆசைப்பட்டு எடைக்கல்லை விட்டுவிடுகிறவர்கள்தான் நிறைய என்று கடைக்காரரும் சொன்னாராம். அத்தான் சொல்லைத் தட்டாமல் உருளையே வாங்கினான்.

இங்கே ஒரு சின்னச் சுற்று. அபர்டீன் பஜாரில் உட்கார்ந்துகொண்டு தோட்டாவைப் பற்றி எழுதுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1857இல் என்ஃபீல்ட் துப்பாக்கியின் தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சில் பற்றிய தீ எல்லோருக்கும் தெரியும். அந்தத் தோட்டா பித்தளை அல்ல, காகிதம். உள்ளே சுமார் 68 கிரெயின் கருமருந்து, கூடவே ஈயக் குண்டு. பல்லால் கடித்துக் கிழித்து, குழாய்க்குள் மருந்தைக் கொட்டி, குண்டை இடிக்க வேண்டும். அதாவது, சண்டைக்கு நடுவில் சிப்பாய் மருந்தை அளந்துகொண்டிருக்க வேண்டாம் என்று ஆயுதச்சாலையிலேயே அளந்து மடித்துக் கொடுத்த பொட்டலம் அது. தோட்டா என்பதே ஒரு அளவை!

அந்தக் கலகத்தில் பிடிபட்டவர்களோடுதான் இந்த ஊர் ஆரம்பிக்கிறது. 1858 மார்ச் 10 அன்று டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். அடுத்த வருஷம் மே 17 அன்று கிரேட் அந்தமானியர் வில்லும் அம்புமாக இந்தக் குடியிருப்பைத் தாக்க வந்தார்கள். அவர்களோடு ஒரு வருஷம் வாழ்ந்து திரும்பிய துத்நாத் திவாரி என்ற கைதி முன்கூட்டியே சேதி சொல்லிவிட்டதால் வெள்ளைக்காரர் துப்பாக்கியோடு தயாராக இருந்தார்கள். அபர்டீன் போர் என்று பெயர். போர் என்பது பெரிய வார்த்தை. ஒரு பக்கம் அம்பு, மறு பக்கம் அளந்து மடித்த மருந்து. நினைவுத்தூண் கடலோரத்தில் இருக்கிறது, ஒவ்வொரு மே 17க்கும் மலர் வைக்கிறார்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பஜார் இன்னும் அபர்டீன் பஜார்தான்.

கருமருந்துக் காலத்தில் கொள்ளளவால் அளப்பது தவறே இல்லை. அது கொஞ்சம் மன்னிக்கும் ஜாதி. 1884இல் பிரான்ஸில் பால் வியெய்ல் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார், 1889இல் இங்கிலாந்தில் கார்டைட் வந்தது. நூல் நூலாக இருக்கும், அதனால் அந்தப் பெயர். நம் நீலகிரியில் அருவங்காட்டில் 1903இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இதற்காகத்தான். ஊட்டி ரயிலில் குன்னூர் தாண்டிப் போகும்போது குழந்தைகள் பெயரைப் படித்துவிட்டு என்னவென்று கேட்டால், இனிமேல் சொல்லலாம். புகையற்ற மருந்துக்கு வேகம் அதிகம். கொஞ்சமே போதும். கூட்டில் பாதிக்கு மேல் காலியாகவே கிடக்கும் வகைகளும் உண்டு. வம்பே அங்கேதான். கைத்துப்பாக்கிக் கூட்டில் தவறுதலாக இரண்டு முறை கொட்டினாலும் வழியாது. குண்டை அழுத்தி மூடிவிட்டால் வெளியே பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான். சுடும்போது துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். மருந்தே விழாவிட்டால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். பிரைமரின் உதையில் குண்டு பாதிக் குழாய் வரை போய் நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் கிழியும்.

ஹூஸ்டனில் ஒரு சனிக்கிழமை மாலை. மரப் பலகையில் துளை போட்டு ஐம்பது ரைஃபிள் கூடுகளை நிற்க வைத்திருந்தார்கள். பையன் கைப்பிடியை இழுக்க, அப்பா கூட்டைக் காட்ட, ஆள் மாற்றி ஆள். பத்துக்கு ஒன்று தராசில் நிறுத்தார்கள். எல்லாம் சரி. அவர்களுக்கு நான் ஒரு வங்கிக் கணக்கு சொல்லிக் கொடுத்திருந்தேன். தொடங்கும் முன் மருந்து டப்பாவை நிறுத்துக்கொள், முடிந்ததும் குப்பியில் மிஞ்சியதை டப்பாவில் கொட்டி மறுபடி நிறு. ஓபனிங் பேலன்ஸ், குளோசிங் பேலன்ஸ். வித்தியாசத்தை ஐம்பதால் வகுத்தால் ஒரு தோட்டாவின் எடை வர வேண்டும். வந்தது. பையன் "டேலி, மாமா!" என்று கை தட்டினான்.

மச்சினன் மட்டும் டார்ச்சை எடுத்துக் கூடுகளுக்குள் வரிசையாக அடித்துப் பார்த்தான். மூன்றாவது வரிசையில் ஒன்றில் மருந்து இறங்கியிருந்தது. அதற்கு அடுத்ததில் கழுத்து வரை ஏறியிருந்தது. குச்சி மருந்து குழாயில் குறுக்கே மாட்டிப் பாலம் மாதிரி நின்றிருக்கிறது. ஒரு கூட்டுக்குப் பாதி விழுந்து, மிச்சம் அடுத்த இழுப்போடு சேர்ந்து விழுந்திருக்கிறது. மொத்தக் கணக்கில் எப்படித் தெரியும்? ஒன்றில் குறைந்தது இன்னொன்றில் ஏறிவிட்டது. பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இந்தப் பேய் பழக்கமானது. ஈடுசெய் பிழை. இருப்பாய்வு அச்சாகச் சரியாக இருக்கும், உள்ளே இரண்டு கணக்கு புழுத்திருக்கும். பத்துக்கு ஒன்று எடுத்துப் பார்த்ததிலும் அந்த இரண்டும் சிக்கவில்லை.

ஐம்பதையும் திரும்ப டப்பாவில் கொட்டினார்கள். "ரெண்டு மட்டும்தானேப்பா தப்பு" என்று பையன் முனகினான். அவன் அப்பா பதில் சொல்லவில்லை. மேஜை மேல் இருந்த பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து அவன் மூக்கில் மாட்டிவிட்டு, முதல் கூட்டை எடுத்துக் காட்டினான்.

அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் சில விஷயம் மாறியிருக்கிறது. ஒருவர் கொட்டினால் இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் குண்டு ஏறும். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா. முடிந்ததும் குப்பியில் மிச்சம் வைப்பதில்லை. இரண்டு நாள் கழித்து அது எந்த மருந்து என்று யார் சொல்வது? கறுப்பாக இருக்கும் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். போன் வந்தால் எடுப்பதில்லை. இதனால் என் வீட்டம்மாவுக்கு வருத்தம், சனிக்கிழமை மாலைகளில் தம்பி கிடைப்பதில்லை. மருந்து டப்பாக்களை டெக்சஸ் வெயிலில் வேகும் கராஜிலிருந்து எடுத்து, வீட்டுக்குள் பூட்டிய மர அலமாரியில் வைத்தாகிவிட்டது. கம்பெனி டப்பாவை விட்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதே கிடையாது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் எதையும் போட்டு வைக்கும் நம் பழக்கத்துக்கு இங்கே வேலை இல்லை. வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு அந்தந்த ஊர்த் தீயணைப்பு விதி இருக்கும், கேட்டுக்கொள்வது நல்லது.

இதைப் படித்துவிட்டு இந்தியாவில் யாரும் ஆசைப்பட வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாமல் இங்கே தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருப்பது தோட்டா நிரப்ப லைசென்ஸ் ஆகாது. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

ரேஞ்சுக்குப் போகும் பழக்கமுள்ள குடும்பங்கள் லீவுக்கு ஊர் வரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும், பை. ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குத் தூக்கிப்போன அதே பையில் துணியை அடைத்துக்கொண்டு வந்து, இங்கே விமான நிலைய ஸ்கேனரில் ஒற்றைத் தோட்டாவோடு மாட்டுகிறவர்கள் உண்டு. அடியில் கிடந்தது தெரியாது என்பார்கள். உண்மையாகவே தெரியாமலும் இருக்கும். இருப்பது தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்ற பொருளில் 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, டெல்லி உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்குகள் பலவற்றை ரத்து செய்திருக்கிறது. ஆனால் ரத்து ஆகும் வரை போலீஸ் ஸ்டேஷன், வக்கீல், தவறிய விமானம் எல்லாம் நம் பாடுதானே. சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் தோட்டா என்ற வரையறைக்குள் வருகின்றன. வேறு பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சில்லறைப் பாகங்களுக்கு 45ஆம் பிரிவில் விலக்கு உண்டுதான். அதை ஸ்கேனர் முன்னால் நின்று வாதாடிக்கொண்டிருக்க முடியாது.

போன டிசம்பரில் இங்கே வரக் கிளம்பும் முன், தான் முதன்முதலில் நிரப்பிச் சுட்ட கூட்டை மாமாவுக்கு ஞாபகமாகக் கொண்டுவரட்டுமா என்று பையன் கேட்டான். வேண்டாம், அங்கேயே அலமாரியில் வை, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பையையும் கவிழ்த்துப் பக்கத்து ஜிப்பெல்லாம் திறந்து உதறச் சொன்னேன். ஒன்றும் இல்லை என்று முதலில் சேதி வந்தது. அரை மணி கழித்து ஒரு போட்டோ. கிழிந்த உள்துணிக்குக் கீழே போய் மாட்டியிருந்த ஒரு பித்தளைக் கூடு, அவன் உள்ளங்கையில். அந்தப் பையை அங்கேயே போட்டுவிட்டு, மாமியாரின் பழைய நீலச் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள்.